பொறியியல் பக்கம்: பாரம் இறக்கிய பந்தய வண்டி



நம் சங்க உறுப்பினர் ஒருவர் சென்ற திங்கள் நம்மிடம் ஒரு வினாவை எழுப்பினார். புனேயில் உத்தியோகம் பார்க்கும் அவருடைய மைந்தர் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருக்கிறார். வாங்கிய மறு வாரமே அதன் இருக்கைகள், தரைவிரிப்பு, கதவின் உள்தட்டிகள், ரேடியோ எல்லாவற்றையும் கழற்றி வீட்டின் ஓர் அறையில் குவித்துவிட்டாராம். "பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் வாங்கிய வண்டியை எலும்புக்கூடாக்கி வைத்திருக்கிறான், கேட்டால் பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கு என்கிறான். இது பைத்தியமா, படிப்பா?" என்பது அன்பரின் வினா.

படிப்புதான் என்பதே நம் விடை. ஆயினும், பாதியில் நிறுத்தினால் உயிருக்கு உலை வைக்கக்கூடிய படிப்பு அது. ஆகவே இத்திங்கள் இப்பக்கத்தை அதற்கே ஒதுக்கினோம்.

ரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு வண்டியின் எடை புதிய விஷயமன்று. சரக்கு வேகன் ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் வெற்றெடை வர்ணத்தால் எழுதப்பட்டிருப்பதை நேயர்களும் கண்டிருப்பீர்கள். வெற்றெடை என்பது கட்டணம் செலுத்தாத பிரயாணி. எஞ்சின் அதை எப்போதும் இழுத்தே தீரவேண்டும். அதனால் வருமானம் ஏதும் இல்லை. பந்தயத் தடத்தில் ஓடும் மோட்டார் வண்டியிலும் இதே நியாயந்தான். வேகத்துக்கும் பாதுகாப்புக்கும் உதவாத ஒவ்வொரு பொருளும் அங்கே கட்டணமில்லாப் பிரயாணியே ஆகும்.

பந்தய வண்டி செய்ய வேண்டிய காரியங்கள் மூன்று: வேகம் எடுத்தல், வளைவில் திரும்புதல், வேகம் தணிதல். எஞ்சினின் ஆற்றலைக் கூட்டினால் இவற்றுள் முதலாவதற்கு மட்டுமே பயன். எடையைக் குறைத்தாலோ மூன்றுக்கும் பயன் உண்டு. 1000 கிலோ எடையும் 100 குதிரைச் சக்தியும் உள்ள வண்டியில் 100 கிலோவைக் கழித்தால், டன் ஒன்றுக்கு 111 குதிரைச் சக்தி என்று ஆகிவிடுகிறது. எஞ்சினை ஒருவரும் தொடவில்லை. வளைவிலும் அப்படியே. டயரின் பிடிப்பு அதன்மேல் அழுத்தும் எடையுடன் கூடுவது மெய்யே. ஆனால் எடை கூடும் வீதத்துக்கு ஈடாகக் கூடுவதில்லை. ஆதலால் இலகுவான வண்டி, தன் எடையோடு ஒப்பிடுமிடத்து, மிகுந்த பிடிப்பைப் பெறுகிறது.

வேகம் தணிக்கும் கணக்கை நம் இல்லத்தரசிகளும் அறியும்படி சொல்லலாம். மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் 1000 கிலோ வண்டியை முற்றிலும் நிறுத்த, பிரேக்குகள் 8,00,000 ஜூல் ஆற்றலை வெப்பமாக்க வேண்டும். 900 கிலோ வண்டிக்கு 7,20,000 ஜூல் போதும். வேறுபாடு 80,000 ஜூல். இவ்வாறு நான்கு முறை நிறுத்தினால் மிச்சமாகும் வெப்பம், ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது! தடத்தில் வண்டி முற்றிலும் நிற்பதில்லை. ஆயினும் சுற்றுக்குச் சுற்று பல வளைவுகளில் பிரேக் மிதிக்கப்படுகிறது. அத்தனை வெப்பமும் பிரேக் கட்டைகளின் தலையில் ஏறாமல் போவது சிறிய நன்மையா?

இக்கலை நேற்று முளைத்ததன்று. இங்கிலாந்தில் லோட்டஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த காலின் சாப்மன், 1957-ல் லோட்டஸ் செவன் என்னும் காரை வெளியிட்டார். 500 கிலோவை எட்டாத எடை. கதவு என்று சொல்லத்தக்க கதவும் இல்லை. சிறிய எஞ்சினைக் கொண்டே பெரிய வண்டிகளுக்கு ஈடுகொடுக்கலாம் என்பதை அது மெய்ப்பித்தது. 1972 அக்டோபரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் ஜெர்மனியின் போர்ஷே நிறுவனத்தார் 911 காரேரா ஆர்.எஸ். 2.7 என்னும் காரை அறிமுகப்படுத்தினர். பந்தய விதிப்படி ஒரு பிரிவில் கலந்துகொள்ள, அதே வகையில் 500 வண்டிகள் செய்யப்பட வேண்டியிருந்தது. அதன் இலகு வகையில் பின்னிருக்கை இல்லை, கடிகாரம் இல்லை, கதவின் உட்புறத்தில் கைப்பிடிக்குப் பதிலாக ஒரு வார்ப்பட்டை. உடற்தகடும் கண்ணாடியும்கூட மெல்லியனவாகச் செய்யப்பட்டன. இவ்வாறு ஏறக்குறைய 100 கிலோவைக் கழித்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 500 போதும் என்றிருந்த அவ்வண்டி 1,580 விற்றது. அவற்றுள் வெறுமையான இலகு வகையைப் பெற்றவர்கள் 200 பேரே. 1,308 பேர் விரிப்பும் மெத்தையும் சேர்ந்த சுகவகையையே வாங்கினர். பெயருக்குப் பந்தய வண்டி, பழக்கத்துக்குப் பஞ்சு மெத்தை என்பது எந்நாட்டிலும் மனித இயல்பு போலும்! வண்டியைக் கழற்ற முனையும் இளைஞர்கள் முதலில் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இதுதான்: நாம் அந்த 200 பேரில் ஒருவரா, 1,308 பேரில் ஒருவரா?

இனி வேலைக்கு வருவோம். முதல் வேலை கழற்றுவதன்று, நிறுப்பது. வண்டியை எடைமேடையில் ஏற்றி, தொட்டியில் எத்தனை லிட்டர் பெட்ரோல் இருந்தது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். லாரிகளுக்கான எடைமேடை சில்லறைக் கிலோக்களைக் காட்டாது. ஆதலால் கழற்றும் பொருள் ஒவ்வொன்றையும் தனித்தனியே தராசில் நிறுத்து நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். பார்சல் ஆபீஸில் சீட்டு ஒட்டாத மூட்டையை ஏற்றுக்கொள்வதுண்டா? அதுபோல் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சீட்டு. அதன் திருகாணிகளுக்கு ஒரு சிறு பை. பையின் மேல் பெயர். பின்னொரு நாள் வண்டியை விற்க நேர்ந்தால், பழைய உறுப்புகள் முழுமையாக இருப்பது நல்ல விலைக்கு வழி.

இரண்டாவது, பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, வண்டியின் கைநூலில் குறித்துள்ள நேரம் வரை காத்திருப்பது. காற்றுப்பைகளை வெடிக்கச் செய்யும் கருவி, பாட்டரி துண்டிக்கப்பட்ட பின்னும் சிறிது நேரம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். இருக்கைக்கு அடியிலும், ஸ்டீயரிங் சக்கரத்தின் நடுவிலும் காணப்படும் மஞ்சள் நிற இணைப்புகள் பெரும்பாலும் இதைச் சேர்ந்தவை. அவற்றில் சோதனை விளக்கை வைத்துப் பார்ப்பது வெடிமருந்தில் தீக்குச்சி கிழித்துப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

பின்னரே கழற்றல் தொடங்குகிறது. இருக்கைகள் பொதுவாக நான்கு திருகாணிகளில் நிற்பவை. அவை வெளியே வந்தால் நடுமேடைப் பெட்டி, தரைவிரிப்பு, அதன் அடிக்கம்பளம் என்று வரிசையாக எடுக்கலாம். கதவின் உள்தட்டிகளைப் பிளாஸ்டிக் கொக்கிகள் பிடித்திருக்கும். இழுத்தால் உடையும், நெம்பினால் வரும். கூரையின் உட்துணியை எடுப்பது எடையில் சிறிதானாலும் பயனில் பெரிது. உயரத்தில் உள்ள ஒரு கிலோவை நீக்கினால் வண்டியின் ஈர்ப்பு மையம் தாழ்கிறது; வளைவில் சாய்வு குறைகிறது. தரைமட்டத்துக் கிலோவுக்கு அவ்வளவு மதிப்பில்லை.

குளிர்சாதனத்தை நீக்குவோர் அதிலுள்ள வாயுவைத் திறந்துவிடலாகாது. பல வண்டிகளில் உள்ள ஆர்-134ஏ என்னும் வாயு, எடைக்கு எடை கரியமில வாயுவைக் காட்டிலும் ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்க வல்லது. அதை உறிஞ்சி எடுக்கும் இயந்திரம் வைத்திருக்கும் பணிமனையில் கொடுத்து எடுக்க வேண்டும். முன்கண்ணாடியின் பனிமூட்டத்தைப் போக்கும் காற்றூதியை மாத்திரம் விட்டுவைப்பது நன்று. மழையில் கண் தெரியாத ஓட்டுநருக்கு எடைக்குறைப்பால் ஆவதொன்றுமில்லை.

எல்லாம் வந்தபின் தரைத்தகட்டில் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருப்பது தார்ப்பாளம். தகடு அதிராமலும் ஓசை எழாமலும் இருக்க ஆலையிலேயே அதை ஒட்டி அனுப்புகிறார்கள். இதை எடுக்க ஒரு நூதனமான வழி உண்டு. உலர் பனிக்கட்டி, அதாவது உறைந்த கரியமில வாயு, சுழியத்துக்குக் கீழ் 78 டிகிரி குளிர்ச்சி உடையது. அதைத் துண்டுகளாகத் தார்ப்பாளத்தின்மேல் பரப்பிச் சிறிது நேரம் விட்டால், இளகிய தார் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை பெறுகிறது. சுத்தியால் மெல்லத் தட்டினால் பாளம் பாளமாகப் பெயர்ந்துவிடும். கேட்பதற்கு விளையாட்டுப்போல் தோன்றினும், இதில் இரண்டு அபாயங்கள் உள. வெறுங்கையால் தொட்டால் தோல் கருகும். அன்றியும், உலர் பனிக்கட்டி ஆவியாகிப் பரவும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. கதவுகளை மூடிக்கொண்டு வண்டிக்குள் குனிந்து வேலை செய்தால், தாழ்ந்த இடத்தில் அது தேங்கி மூச்சை அடைத்துவிடும். தடித்த கையுறையும், திறந்த வெளியும், திறந்த கதவுகளும் இன்றியமையாதவை. தார் போன இடத்தைத் துடைத்து உடனே வர்ணம் பூசாவிட்டால், மும்பை போன்ற கடலோர ஊர்க்காற்றில் துரு ஏறுவதற்கு நெடுநாள் ஆகாது.

இனி வரவு செலவுக் கணக்கைப் பார்ப்போம். இரண்டு இருக்கை கொண்ட ஒரு காரில் ஏறக்குறைய இவ்வளவு என்று வைத்துக்கொள்க. இருக்கைகள் 40 கிலோ, விரிப்பும் கம்பளமும் 10, தார்ப்பாளம் 10, குளிர்சாதனம் 20, மாற்றுச் சக்கரமும் ஜாக்கியும் 15, ரேடியோவும் ஒலிபெருக்கிகளும் 5, உள்தட்டிகள் முதலியன 10. ஆகக் கழிந்தது 110 கிலோ. இனி ஏற்ற வேண்டியவை: பந்தய இருக்கை ஒன்றும் அதன் தாங்கிகளும் 10 கிலோ, உருக்குக் குழாய்க் கூண்டு 40, பல்முனைப் பட்டைவார், தீயணைப்பான், மின்சாரத்தைத் துண்டிக்கும் விசை ஆகியவை 10. ஆக 60 கிலோ. நிகர லாபம் 50 கிலோதான்.

இவ்விடத்தில்தான் இளைஞர் மனத்தில் சபலம் தோன்றுகிறது. "கழித்த 110-ல் 60-ஐத் திரும்ப ஏற்றுவதா? கூண்டை விட்டுவிட்டால் 40 கிலோ லாபமாயிற்றே, பணமும் மிச்சமாயிற்றே!" என்று தோன்றும். இச்சபலத்துக்கு இணங்கியவர்களுக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம் என்றாலும் தகும்.

ஆலையில் செய்த வண்டியின் உள்ளலங்காரம் வெறும் அலங்காரம் அன்று. மெத்தையும் தட்டியும் தலையையும் முழங்காலையும் உருக்கிலிருந்து காப்பவை. அவற்றை நீக்கினால் கத்தி முனைபோன்ற தகட்டு விளிம்புகள் வெளிப்படுகின்றன. இருக்கை, வார், காற்றுப்பை மூன்றும் ஒன்றை ஒன்று நம்பி அமைக்கப்பட்டவை. ஒன்றை எடுத்துவிட்டு மற்றவை முன்போல் காக்கும் என எண்ணுவது தவறு. கூண்டு இல்லாமல் பல்முனைப் பட்டைவாரை மட்டும் பூட்டிக்கொள்வோர் உண்டு. வண்டி கவிழ்ந்து கூரை அமுங்கினால், சாதாரண வார் அணிந்தவரின் உடல் பக்கவாட்டில் சிறிதேனும் சாய இடமுண்டு. பல்முனை வார் அணிந்தவரோ நிமிர்ந்த நிலையிலேயே கட்டுண்டு கிடப்பார், அமுங்கும் கூரை அவர் தலையைத் தேடி வரும். மாறாக, கூண்டை மட்டும் பொருத்திக்கொண்டு தலைக்கவசமின்றிச் சாலையில் ஓட்டுவோரும் உண்டு. சிறு மோதலிலும் வெறுந்தலை உருக்குக் குழாயில் மோதும். கூண்டு, இருக்கை, வார், தலைக்கவசம் ஆகிய நான்கும் ஒரே குடும்பம். ஒருவரைப் பிரித்து மற்றவரை அழைக்கலாகாது.

கூண்டுக்கு என்று எந்தக் குழாயும் ஆகாது. சர்வதேச மோட்டார் சம்மேளனமாகிய எப்.ஐ.ஏ.வின் விதிகள், தலைக்குப் பின்னுள்ள முதன்மை வளையத்துக்குத் தையலற்ற உருக்குக் குழாயை விதித்துள்ளன; 45 மில்லிமீட்டர் விட்டமாயின் 2.5 மில்லிமீட்டர் கனமும், 50 மில்லிமீட்டர் விட்டமாயின் 2 மில்லிமீட்டர் கனமும் குறைந்த அளவாகும். தண்ணீர்க் குழாயை வளைத்துப் பற்றவைத்துத் தரும் பட்டறைக்காரரின் மலிவு விலையில் மயங்கலாகாது. மேலும், பின்பக்க அட்டையும் துணியும் எடுக்கப்பட்டபின், பெட்ரோல் தொட்டிக்கும் ஓட்டுநருக்கும் நடுவே வெற்றிடந்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், அதை உலோகத் தகட்டால் இடைவெளியின்றி அடைப்பது முதற்கடமை. தீ விபத்தில் அத்தகடு தரும் சில விநாடிகளே வெளியேறும் அவகாசம்.

எடை குறைந்த வண்டியின் குணமும் மாறுகிறது என்பதை மறக்கலாகாது. சுமை இறங்கியதால் வில்கள் நிமிர்ந்து வண்டி உயர்கிறது. பின்புறத்திலிருந்து மாற்றுச் சக்கரமும் பிறவும் போய்விட்டதால் பின்சக்கரங்களின் மேல் அழுத்தம் குறைகிறது. பழைய அளவிலேயே பிரேக் அழுத்தம் சென்றால் பின்சக்கரங்கள் முந்திப் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். பக்கத்து இருக்கை போனபின் ஓட்டுநரின் பக்கம் மட்டும் கனக்கிறது. அதனாலேயே பாட்டரியை எதிர்ப்பக்கத்துக்கு மாற்றுகிறார்கள். ஆகவே ஓட்டுநரை உள்ளே அமர்த்தி, நான்கு சக்கரங்களின் எடையையும் தனித்தனியே அளந்து, வில்களையும் பிரேக் பங்கீட்டையும் திருத்திய பின்னரே தடத்தில் இறங்க வேண்டும். 50 கிலோவுக்காக இவ்வளவு பாடா என்று மலைப்போருக்கு ஒரு செலவில்லா உபாயம்: ஓட்டுநர் தம் உடம்பில் 5 கிலோ குறைத்துக்கொண்டால், அதற்குத் திருகாணி ஒன்றையும் கழற்ற வேண்டுவதில்லை!

அடுத்து, சட்டம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்றும் மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. ஆகவே உள்ளுறுப்புகளைக் களைந்து கூண்டு பொருத்திய வண்டி பந்தயத் தடத்துக்கு உரியது. ரேஷன் கடைக்கும் ரயில் நிலையத்துக்கும் உரியதன்று. வேறொரு வாகனத்தின்மேல் ஏற்றித் தடத்துக்குக் கொண்டு செல்வதே முறை. மாற்றியமைத்த வண்டியைச் சாலையில் ஓட்டி விபத்து நேர்ந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் வாதாடும் நிலையும் வரலாம். அப்போது பாதிக்கப்படுவது ஓட்டியவர் மட்டுமல்லர், அவரை நம்பியுள்ள குடும்பமும், எதிரே வந்த அப்பாவியுமாம்.

தடத்துக்குப் பஞ்சமில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத் தளமாகிய சோழவரத்தில் ஒரு காலத்தில் பந்தயங்கள் நடந்ததை நம் பெரியவர்கள் நினைவுகூரக்கூடும். 1990 முதல் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிலையான தடம் இருந்து வருகிறது. கோயம்புத்தூர் அருகே கரி மோட்டார் ஸ்பீட்வே உள்ளது; நம் நாட்டில் பந்தய வண்டிகளை வடிவமைத்த கரிவரதன் பெயரால் அது வழங்குகிறது. டில்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் 2011-ல் புத்தா சர்வதேசத் தடம் திறக்கப்பட்டது. கோவையைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன் 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியராகப் பெயர் பெற்றார். தமிழருக்கு இத்துறை அந்நியமானதன்று என்பதற்கு இவையே சான்று.

ஆகவே, வேற்றூரில் வாழும் நம் பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். மகனோ மகளோ வண்டியைக் கழற்றத் தொடங்கினால், சினந்து தடுக்க வேண்டாம். கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம். அருகில் அமர்ந்து மூன்று வினாக்களை வினவுங்கள். கழற்றியவற்றின் எடைக் குறிப்பு எங்கே? கூண்டுக்கும் இருக்கைக்கும் வாருக்கும் தலைக்கவசத்துக்கும் பணம் எடுத்து வைத்தாயிற்றா? தடத்துக்கு வண்டியை எதில் ஏற்றிச் செல்வது? மூன்றுக்கும் தெளிவான விடை கிடைத்தால், ஸ்பானரை எடுத்துக் கொடுத்து வாழ்த்துங்கள். இரண்டாவது வினாவுக்கு மட்டும் விடை தயங்கினால், இருக்கைகளை மீண்டும் பூட்டிவைத்து, பணம் சேரும் வரை காத்திருக்கச் சொல்லுங்கள். கழற்றிய இருக்கை அறையில் பத்திரமாகவே இருக்கும்; அதைப் பின்னும் ஒரு நாள் கழற்றிக்கொள்ளலாம். அவசரத்தில் இழந்த உயிரை எந்த அறையிலும் தேடி எடுக்க இயலாது.

அடுத்த திங்கள், பிரேக் கட்டைகள் செய்யப்படும் விதத்தையும் அவை வெப்பத்தைத் தாங்கும் வகையையும் பற்றி எழுத எண்ணியுள்ளோம். ஐயங்கள் உள்ள அன்பர்கள் சங்கக் காரியாலயத்துக்கு எழுதலாம்.